புனே முழுக்க அம்மாவின் குரல்

என் தங்கை கோதிக் ராக் பாடகி. இதை உறவினர்களிடம் சொன்னால் அடுத்த கேள்வி கர்நாடக சங்கீதமா, சினிமாப் பாட்டா என்பதாக இருக்கும். இரண்டும் இல்லை. மெதுவாக அடிக்கும் டிரம், குகைக்குள்ளிருந்து வருவது போன்ற கிட்டார், ஆணோ என்று சந்தேகம் வரும்படி தாழ்ந்த பெண் குரல். பாட்டெல்லாம் சாவு, கல்லறை, பூட்டிக் கிடக்கும் வீடு. மேடையில் கருப்பு உடை, கருப்பு உதட்டுச் சாயம், முகத்தில் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றித் தடித்த மை. தங்கை கல்லூரியில் படிக்கும்போது நான்கு பேராகச் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினார்கள். புனேயின் விமான் நகரிலும் அதைச் சுற்றியும் இருந்த சிறிய பார்களில் வாசித்தார்கள். கேட்க வந்தவர்களும் பெரும்பாலும் கருப்பு உடுத்தியவர்களே. எப்போதும் அதே முகங்கள்தான் என்று தங்கை சொல்வாள்.

நாங்கள் இருப்பது புனேயை ஒட்டிய பிம்ப்ரியில். அப்பா இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர்; ஓய்வு பெற்ற பிறகு அதிக காலம் இருக்கவில்லை. நான் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பதிவேடுகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். மணம் செய்துகொள்ளவில்லை, அதற்கான காரணங்கள் இங்கே வேண்டாம். தினமும் நாட்குறிப்பு எழுதுவேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பழகியதால் இதையும் அப்படியே எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் இருந்த சண்டை பாட்டைப் பற்றியது அல்ல, நேரத்தைப் பற்றியது. பார்களில் கச்சேரிக்கு முன்னால் ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதால் அவள் பொழுது சாயும்போதே கிளம்ப வேண்டும். சமையலறை அலமாரியில் சாமி படங்களுக்கு முன்னால் அம்மா விளக்கேற்றுவதும் அதே நேரத்தில்தான். அம்மா தீப்பெட்டியோடு நிற்பாள். இவள் கருப்பு உடுத்தி, தலையை விரித்துப் போட்டு, நெற்றியில் பொட்டு இல்லாமல் வாசலில் செருப்பு மாட்டுவாள். எங்கள் வீடுகளில் இவற்றில் ஒன்றே போதும், ஒரு வாரத்துக்கு வசவு வாங்க.

"ஏட்டி, வெளக்கு வச்ச நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு எங்க கெளம்பிட்ட? எளவு வீட்டுக்கா?"

"ஆமாம்மா. கூலிக்கு அழப் போறேன்."

"வாயப் பாரு. அந்தக் கூலிய வச்சு ஒரு பொட்டு வாங்கி வச்சுக்கோ."

திருநெல்வேலிப் பக்கம் பெண் பிள்ளைகளை ஏட்டி என்றுதான் கூப்பிடுவோம். கோபத்திலும் அதே சொல்தான், கொஞ்சலிலும் அதே சொல்தான். எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் வேறு தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டுக் கதவிலிருந்து மட்டும்தான் கேட்கும்.

இரண்டு பேரும் இப்படியே வருடக்கணக்காகப் பேசிக்கொண்டார்கள். பிறகு அம்மாவின் ஞாபகம் போகத் தொடங்கியது. முதலில் மராத்தி போயிற்று. காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி கேட்கத் தெரியாமல் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு இந்தி. பிறகு அப்பா இறந்துபோனது. கடைசியில் எங்கள் முகங்கள். மிச்சம் இருந்தது ஊர்த் தமிழும் சில வேலைகளும். அந்த வேலைகளில் ஒன்று, விளக்கேற்றியதும் வாசல் கதவைத் திறந்து வெளியே இரும்புக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிடுவது.

"ஏட்டீ... வெளக்கு வச்சாச்சு. உள்ள வா."

தங்கையைத்தான் கூப்பிட்டாள். தங்கை பெரும்பாலும் அப்போது டீ டம்ளரோடு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள்.

"அம்மா, நான் இங்கனதான் நிக்கேன்."

அம்மா திரும்பிப் பார்ப்பாள். நாற்பதைத் தாண்டிய, முன்நெற்றி நரைத்த ஒரு பெண். வந்திருக்கும் விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு சொல்வாள்: "நீங்க இரிங்க. எம் மவ வெளிய போயிருக்கா. இப்பம் வந்துருவா." மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவாள். இருட்டு முழுதாக இறங்கும் வரை கூப்பிடுவது நிற்காது. பக்கத்து ஃப்ளாட்காரர்கள் ஒருநாளும் குறை சொல்லவில்லை. அதை நான் இங்கே எழுதத்தான் வேண்டும்.

குழு அதற்குள் கலைந்திருந்தது. டிரம் வாசித்தவர் கனடா போனார். கிட்டார்க்காரர் ஒரு வங்கியில் சேர்ந்தார். மூன்றாமவர் சண்டை போட்டுவிட்டுப் போனார், எங்கே என்று தெரியாது. தங்கை கராடியில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் ஊழியர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறுகளில் உள்ளறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கயிறு கட்டி ரஜாய் என்னும் தடித்த பஞ்சுப் போர்வைகளைத் தொங்கவிட்டு, அந்தக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தனியாகப் பாடிப் பதிவு செய்தாள். வெயில் காலத்தில் வெளியே வரும்போது சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும். "இருபது வருஷம் மத்தவன் பீட்டுக்குப் பாடியாச்சு. இது எனக்கு" என்றாள்.

ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் செருப்பு அலமாரிக்கு மேலே மைக் நின்றது. அம்மா வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கை காதில் ஹெட்போனோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா உள்ளே போகும் வரை நான் படியிலேயே நின்றேன்.

"இது எதுக்கு?"

"ஆல்பத்தோட கடைசிப் பாட்டுக்கு."

"அம்மாட்ட கேட்டியா?"

"கேட்டேன். நல்லா பாடும்மான்னு சொன்னா."

"நீ யாருன்னு தெரிஞ்சா சொன்னா?"

மைக்கின் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே வேறொன்று சொன்னாள்.

"அரே அண்ணே, புனேல இந்த மாதிரிப் பாட்டு கேக்கவன் அந்தப் பழைய கூட்டந்தான். அதுல தமிழ் தெரிஞ்சது யாரு? தமிழ் தெரிஞ்சவன் இதக் கேக்க மாட்டான். நீயே கேக்கதில்ல. பின்ன யாருக்குப் புரியப் போவுது? அம்மா கூப்பிடுதது அம்மாக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

இந்த ஊரில் வளர்ந்த தமிழர்கள் எல்லோரிடமும் இந்த எண்ணம் உண்டு. பேருந்திலும் லிஃப்டிலும் வங்கி வரிசையிலும் நம் வீட்டு விஷயத்தை வாய்விட்டுப் பேசுவோம், சுற்றி இருக்கிற யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில். தமிழே எங்களுக்குக் கதவு, தாழ்ப்பாள் எல்லாம். அவள் அம்மாவின் குரலை அந்தக் கதவுக்குள் வைத்ததாகத்தான் நினைத்தாள்.

பாட்டு மெதுவான டிரம்மோடு தொடங்கும். தங்கையின் குரல் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுக்கும். டிரம் நிற்கும். ஒரு மூச்சு அளவுக்கு ஒன்றுமே இருக்காது. அப்புறம் அம்மா. "ஏட்டீ..." பின்னால் எங்கள் கம்பிக் கதவு கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். நான் ஒருமுறைதான் முழுதாகக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மறுபடி கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மும்பையில் ஒரு சிறிய கம்பெனி ஆல்பத்தை வெளியிட்டது. சில மாதங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாழடைந்த பங்களாக்களைப் படம் பிடித்துப் போடும் ஒருவர் தன் வீடியோவில் அம்மாவின் குரல் வரும் இடத்தை மட்டும் வெட்டிச் சேர்த்தார். அதைப் பார்த்துப் பேய் வேஷம் கட்டியவர்கள், பிறகு பல் விளக்குகிறவர்கள், நாய்க்குட்டிக்குத் தொப்பி மாட்டுகிறவர்கள் எல்லோரும் அதே துண்டைப் போட்டார்கள். ஒரு டிஜே டிரம்மை இரட்டிப்பாக்கி, டோல் மேளத்தின் தாளத்தைச் சேர்த்து ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றினார். அம்மாவின் குரலை மட்டும் அவர் தொடவில்லை. மேளம் சட்டென்று நிற்கும், கூட்டம் கையைத் தூக்கிக் காத்திருக்கும், அம்மா "ஏட்டீ" என்பாள், கூட்டம் திருப்பிக் கத்தும். பெரிய கம்பெனி ஒன்று சிறிய கம்பெனியிடமிருந்து ஆல்பத்தை வாங்கியது. மெட்ரோ நிலையத்தில் தங்கையின் வெள்ளை முகமும் கருப்பு உதடும் ஆளுயரத்துக்கு நின்றன. பத்திரிகைகள் அந்தக் குரல் யாருடையது என்று கேட்டபோது "ஒரு பழைய பதிவு" என்று மட்டும் சொன்னாள்.

அவள் சந்தோஷத்தையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு தவறிவிடும். கராடி வேலையை விட்ட அன்று சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டே போனில் பேசினாள். பேசி முடித்து மிக்ஸியை நிறுத்தாமலே அழுதாள். "அண்ணே, என் கச்சேரிக்கு டிக்கெட் இல்லைன்னு ஆளத் திருப்பி அனுப்புதாங்களாம்" என்றாள். பார்களில் இவள் பாடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த அழுகை எனக்குப் புரிந்தது.

அம்மா அந்தப் பாட்டை முதலில் கேட்டது ஒரு ஆட்டோவிலிருந்து. விளக்கேற்றிவிட்டுக் கதவைத் திறந்து கம்பியைப் பிடித்தாள். வாயைத் திறப்பதற்குள் கீழே தெருவிலிருந்து அவள் குரல் வந்தது. ஏட்டீ, வெளக்கு வச்சாச்சு, உள்ள வா. அம்மா அப்படியே நின்றாள். கை கம்பியை விட்டது. முகம் சின்னப் பிள்ளையின் முகமாக மாறியது. இதை நான் மிகைப்படுத்தவில்லை, எதிரே நின்று பார்த்தேன்.

"எம்மா கூப்பிடுதா" என்றாள். "கால் களுவிட்டு வாரேம்மா!"

விளையாடிவிட்டு வரும் பிள்ளைகள் விளக்கு வைத்த வீட்டுக்குள் கால் கழுவாமல் நுழையக் கூடாது. யோசித்துப் பார்த்தால் அம்மா நினைத்ததில் தவறே இல்லை. இந்த ஊரில் எல்லோரும் அவளைப் பாட்டி என்ற பொருளில் ஆஜி என்றார்கள், ஆன்ட்டி என்றார்கள், நாங்கள் அம்மா என்றோம். அவளை ஏட்டி என்று கூப்பிட உரிமையுள்ள ஒருத்தி, அவளுடைய தாய், செத்து அரை நூற்றாண்டு ஆகிறது. இப்போது அந்தக் குரல் தெருவிலிருந்து வருகிறது. வேறு யாராக இருக்க முடியும்?

அன்றிலிருந்து அம்மா கூப்பிடுவதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாகக் காத்திருக்கத் தொடங்கினாள். ஏதாவது ஒரு போனிலிருந்தோ, மாடி வீட்டு டிவியிலிருந்தோ, கல்யாண ஊர்வலத்திலிருந்தோ பாட்டு வரும். உடனே எழுந்துவிடுவாள். சில நாள் கதவை நோக்கி, சில நாள் குளியலறையை நோக்கி.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மராத்திப் பெண் வருவார். மௌஷி என்று கூப்பிடுவோம்; அவர் என்னை அண்ணன் என்ற பொருளில் தாதா என்பார். ஒருநாள் அவரிடமிருந்து என் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. "தாதா, ஆஜி நீச்சே சலீ கயீ!" அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா கீழே இறங்கிப் போய்விட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் வாட்ச்மேன் அவளைக் கேட்டில் நிறுத்தி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். வெறுங்காலோடு இருந்தாள். முழங்கால் வரை ஈரம். தோட்டத்துக் குழாயில் கால் கழுவியிருக்கிறாள். "வீட்டக் காணலியே" என்று என்னிடம் முறையிட்டாள். "கூப்பிடுதா. வீடு எங்கன இருக்குன்னு தெரியலியே."

மறுநாள் வாசல் கதவில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். குளியலறைத் தரையில் ரப்பர் விரிப்பு போட்டேன். ஜன்னல்களின் இடுக்குகளில் பஞ்சுப் பட்டை ஒட்டினேன். தங்கை எல்லாவற்றுக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பாட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பேச வைத்தவர்கள் ஒரு சென்னைத் தம்பதி. விமான் நகரில் இருந்தார்கள், இருவரும் ஐ.டி. யாரோ ஒரு நண்பர் வழியாக அந்தக் குரல் எங்கள் அம்மாவுடையது என்று தெரிந்துகொண்டு, பழத்தட்டோடு வந்து நின்றார்கள். நல்ல பிள்ளைகள். அம்மா காலில் விழுந்தார்கள். அந்தப் பெண், ஆபீசில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கழிவறையில் போய் அழுததாகச் சொன்னாள். பிறகு போனை எடுத்தாள்.

"பாட்டி, ஒரே ஒரு வாட்டி அந்த ஏட்டி சொல்லுங்களேன். ப்ளீஸ் பாட்டி. ஸ்டோரி போடணும்."

அம்மா அவளைப் பார்த்தாள். "யாரும்மா நீ?"

"உங்க ஃபேன் பாட்டி. ஏட்டீ, வெளக்கு... சொல்லுங்க."

"பாட்டிக்கு மூடு இல்ல போல" என்றான் அவன். "பாட்டுலேருந்து போட்டுக் காட்டு, ஞாபகம் வரும்."

நான் எழுவதற்குள் அவள் போட்டுவிட்டாள். அறைக்குள்ளேயே, இரண்டடி தூரத்தில், அம்மாவின் குரல். அம்மா போனைப் பார்க்கவில்லை. எழுந்து கதவுக்குப் போனாள், தாழ்ப்பாளைப் பிடிக்க எக்கினாள், எட்டவில்லை. கதவை அடித்தாள். "எம்மா, கதவு பூட்டிருக்கும்மா! நான் வெளிய நிக்கேன், கதவத் தொறம்மா!" உள்ளே நின்றுகொண்டு வெளியே நிற்பதாகக் கதவை அடித்தாள். அந்தப் பெண் பயந்து போனை இறுக்கிப் பிடித்தாளே தவிர நிறுத்தத் தெரியவில்லை. கணவன்தான் பிடுங்கி நிறுத்தினான். பழத்தட்டை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்கள்.

அன்று தங்கையிடம் சொன்னேன். "அந்தக் குரல எடுத்துரு."

"எடுத்துட்டா அது பாட்டே இல்ல."

"அம்மா கதவ அடிச்சத நீ பாக்கல."

"பாத்திருக்கேன். நீ ஆபீஸ் போனப்பறம் தினமும் பாக்கேன்." குரலைத் தாழ்த்தினாள். "என்னால எடுக்க முடியாதுண்ணே. கம்பெனி கையெழுத்துப் போட்டு வாங்கிட்டான். கேக்கணும். கேட்டா அடுத்த ஆல்பம் இல்ல."

"கேட்டியா?"

"கணபதி விழா முடியட்டும். இப்பம் ஊரு பூரா அதுதான் ஓடுது. இப்பம் கேட்டா என்னைய வெரட்டி விட்டுருவான்." பிறகு, "இருபது வருஷமா ஒருத்தன் திரும்பிப் பாக்கல. இப்பம் பாக்கான். ஒரு மாசம் குடுக்க மாட்டியா?" என்றாள்.

கேட்டவள் என் தங்கை. வீட்டுக்குள் இருந்தவள் என் அம்மா. ஒரு மாதம் கொடுத்தேன்.

கணபதிக் காலத்தில் எங்கள் பக்கத்தில் சிலை வைக்கும் ஒவ்வொரு மண்டலும், அதாவது தெருக் குழுவும், ஒவ்வொரு நாள் சிலையைக் கரைக்கக் கொண்டுபோகும். அன்று எங்கள் தெருவுக்குப் பக்கத்து மண்டலின் முறை. நான் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். பிரதான சாலையில் ஊர்வலம் அடைத்துக்கொண்டதால் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நடக்கத் தொடங்கினேன். லாரியில் சுவர் போல அடுக்கிய ஒலிபெருக்கிகள், முன்னால் குலால் என்னும் சிவப்புப் பொடியில் மூழ்கிய கூட்டம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. என்ன பாட்டு வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. மேளம் நின்றது. நூற்றுக்கணக்கான கைகள் மேலே போயின. அம்மா கூப்பிட்டாள். "ஏட்டீ!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஒரு பையன் என் தோளில் கைபோட்டு "அங்கிள், நாச்சோ!" என்று ஆடக் கூப்பிட்டான். லாரிக்காரர் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டார். வெளக்கு வச்சாச்சு, உள்ள வா. வெளக்கு வச்சாச்சு, உள்ள வா. ஒலி என் நெஞ்செலும்பில் அடித்தது. இந்த ஒலிக்கு ஜன்னல் இடுக்கில் ஒட்டிய பஞ்சு எதுவும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆட்களை விலக்கிக்கொண்டு போக முயன்றேன். ஊர்வலத்தில் எதிர்த்துப் போக முடியாது. அதன் வேகத்தில்தான் போக முடியும். அது வேகமே இல்லாத வேகம்.

வீட்டில் அம்மாவோடு தங்கை மட்டும் இருந்தாள். சாலை அடைபடும் என்று மௌஷி சீக்கிரம் கிளம்பியிருந்தார். தங்கை பிறகு சொன்னது இது. முதல் தடவை அம்மா கால் கழுவப் போனபோது கூடவே போய்ப் பிடித்துக்கொண்டாள். துடைத்துவிட்டு உட்கார வைத்தாள். மறுபடி குரல். மறுபடி போனாள். மறுபடி துடைத்தாள். மூன்றாம் தடவை அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்: "விடுங்க. எங்கம்மா அடிப்பா. எம்புட்டு நேரமா கூப்பிடுதா." தங்கை உள்ளறைக்கு ஓடி ரஜாய்களை எடுத்தாள், ஜன்னலில் தொங்கவிடலாம் என்று. பதிவு செய்த காலத்தில் கட்டிய அதே கயிற்றை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டி ஒன்றை மாட்டுவதற்குள் குளியலறைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ரப்பர் விரிப்பிலிருந்து இறங்கி, ஈரக் காலை ஹாலின் டைல்ஸ் தரையில் வைத்து அம்மா வழுக்கி விழுந்திருக்கிறாள்.

நான் கதவைத் திறந்தபோது இருவரும் தரையில் இருந்தார்கள். அம்மாவின் ஒரு கால் வெளிப்பக்கம் திரும்பி, இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. அவள் அழவில்லை. தங்கை அவள் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள். வெளியே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸும் ஊர்வலத்துக்குப் பின்னால்தான் வர முடிந்தது.

இடுப்பு எலும்பு. தகடு வைத்தார்கள். இனி நடப்பது சிரமம் என்று மருத்துவர் சொன்னார். "சிரமம்" என்ற சொல்லை மருத்துவர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

தங்கை மருத்துவமனை நடைபாதையிலிருந்தே கம்பெனிக்குப் போன் செய்தாள். முதலில் கெஞ்சினாள். பிறகு இந்தியில், நான் அவள் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தைகளில் திட்டினாள். கடைசியில் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பாட்டின் உச்சம் தாண்டிவிட்டது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மாவின் இடத்தில் தங்கையே அதே சொற்களைப் பாடிய ஒரு புதிய வடிவம் வந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. பழையதை எடுத்துவிட்டார்கள் என்று கோபமாக எழுதினார்கள். இரண்டு நிகழ்ச்சிகள் ரத்தாயின. அடுத்த ஆல்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பழைய பாட்டு லட்சக்கணக்கான போன்களில் ஏற்கெனவே இருந்தது. அவற்றிலிருந்து எடுக்க யாராலும் முடியாது.

அம்மா இப்போது உள்ளறையில் கட்டிலில் இருக்கிறாள். கட்டிலைச் சுற்றிக் கம்பி. புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. மருந்துகளை நேர வரிசையில் வைத்திருக்கிறேன். பெரும்பாலான நாட்கள் அவள் பேசுவதில்லை. தங்கை கராடியில் வேறொரு கம்பெனியில் பழைய வேலைக்கே திரும்பப் போகிறாள். சில நாள் வீட்டிலிருந்தே பயிற்சி கொடுக்கிறாள்.

போன வாரம் ஒருநாள் பொழுது சாயும்போது நாங்கள் இருவரும் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது. பழைய பாட்டு. தங்கை ஜன்னலுக்கு ஓடவில்லை. ஓடினாலும் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துகொண்டவள் மாதிரி நின்றாள். டிரம் நின்றது. குரல் வந்தது. அம்மாவின் கை போர்வையைத் தள்ளியது. தோள் எழும்பியது. இடுப்பு அசைந்ததும் முகம் வலியில் சுருங்கியது. இருந்தும் மறுபடி எழ முயன்றாள்.

"வாரேம்மா" என்றாள். "காலு வரமாட்டேங்கு. வாரேன்."

தங்கை கட்டில் கம்பிக்கு மேலே குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். "எழும்பாதம்மா. நீ உள்ளதான் இருக்க. வீட்டுக்குள்ளதாம்மா இருக்க. வந்துட்ட."

அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தாள். பல மாதங்களாக அப்படிப் பார்த்ததில்லை.

"பொய் சொல்லாதிங்க" என்றாள். "நான் உள்ள வந்துட்டம்னா, அவ ஏன் இன்னும் கூப்பிடுதா?"

தங்கையின் கைகள் அம்மாவின் தோள்களிலேயே இருந்தன, அழுத்தியபடி. ஆட்டோக்காரர் யாருக்கோ காத்திருந்தார் போல. பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.